தன் தவற்றுக்குத் தானே நடுவர்

காற்பந்தில் எதிராளியின் காலைத் தட்டிவிட்டால் நடுவர் விசில் ஊதுவார். பூப்பந்தில் பந்து வெளியே விழுந்தால் கோட்டருகே அமர்ந்திருப்பவர் இரு கைகளையும் விரிப்பார். கரையிலிருந்து வெகு தொலைவில், காற்றும் நீரோட்டமும் மாறிக்கொண்டே இருக்கும் கடலில், 50 சிறுவர்கள் 50 படகுகளில் போட்டியிட்டால் யார் விசில் ஊதுவது?

பாய்மரப் படகுப் போட்டிகளில் தொண்டூழியம் செய்கிறேன் என்று சொல்லும்போதெல்லாம் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி இது. 2024ஆம் ஆண்டு பாரிஸ் ஒலிம்பிக்கில் மேக்சிமிலியன் மேடர் வெண்கலம் வென்று, பாய்மர விளையாட்டில் சிங்கப்பூருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கத்தைப் பெற்றுத் தந்த பிறகு இன்னும் அதிகமாகக் கேட்கிறார்கள்.

பெரும்பாலான தவறுகளுக்கு யாரும் விசில் ஊதுவதில்லை என்பதுதான் என் பதில். தவறு செய்தவரே அதை உணர்ந்து, அங்கேயே தனக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டு, போட்டியைத் தொடர வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கும் இதே விதிதான்; ஒலிம்பிக் வீரருக்கும் இதே விதிதான்.

தொடக்கப்பள்ளியில் படித்தபோது நானும் படகு ஓட்டினேன். இப்போது பலதுறைத் தொழிற்கல்லூரியில் இரண்டாம் ஆண்டு மாணவன். பள்ளி விடுமுறையிலும் வார இறுதியிலும் இளையர் போட்டிகள் நடக்கும்போது, பந்தயக் குழுவின் படகில் நேரம் பார்ப்பது, கொடி ஏற்றுவது, மிதவையைச் சுற்றும் படகுகளின் எண்களை எழுதுவது என்று கொடுத்த வேலையைச் செய்கிறேன். ஒரு போட்டி எப்படி நடக்கிறது என்பதை அந்தப் படகிலிருந்து பார்த்தபடி சொல்கிறேன்.

சின்னப் படகு, ஒரே ஓட்டுநர்

சிறுவர்கள் ஓட்டும் படகுகளில் உலகெங்கும் பரவலானது ‘ஆப்டிமிஸ்ட்’. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பவர் 1947ல் வடிவமைத்தது. ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம், 35 கிலோ எடை, ஒரே ஒரு பாய். முன்பக்கம் கூராக இல்லாமல் சப்பையாக இருப்பதால், குளியல் தொட்டியில் பாய் கட்டியதைப் போலத் தெரியும். 15 வயது வரை இதில் போட்டியிடலாம். அதன் பிறகு பலர் ‘ஐஎல்சிஏ 4’ போன்ற சற்றுப் பெரிய படகுகளுக்கு மாறுகிறார்கள்.

ஆப்டிமிஸ்ட் படகில் ஒருவர் மட்டுமே இருப்பார். போட்டி தொடங்கியதும் பயிற்றுவிப்பாளர்களின் படகுகள் விலகி நிற்க வேண்டும். வெளியிலிருந்து யாரும் யோசனை சொல்லக்கூடாது. எந்தப் பக்கம் போவது, எப்போது திரும்புவது, எதிரே வரும் படகுக்கு வழிவிடுவதா வேண்டாமா என்பதெல்லாம் அந்தப் பிள்ளையின் முடிவு. உயிர்காப்பு உடையும் அதில் கட்டிய விசிலும் கட்டாயம். படகில் புகும் நீரை இறைக்க ஒரு குவளையும், இழுத்துச் செல்ல 8 மீட்டர் கயிறும் இருக்க வேண்டும். பலர் பிளாஸ்டிக் பால் புட்டியை வெட்டி அந்தக் குவளையைச் செய்துகொள்கிறார்கள்.

தண்ணீரில் இறங்கும் முன்

ஒரு போட்டியை நடத்துவோர் இரண்டு ஆவணங்களை வெளியிட வேண்டும். முதலாவது, பந்தய அறிவிப்பு. யார் சேரலாம், எந்த வகைப் படகு, எத்தனை நாள், எத்தனை ஓட்டம் என்பதெல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, ஓட்டக் குறிப்புகள். எந்த மிதவையை எந்த வரிசையில் சுற்றுவது, எந்தக் கொடிக்கு என்ன பொருள், ஆட்சேபம் தெரிவிக்க எவ்வளவு நேரம் ஆகியவற்றை அது சொல்லும். இவற்றுக்கு அடிப்படையாக இருப்பது உலக அமைப்பான ‘வோர்ல்ட் செய்லிங்’ வெளியிடும் பந்தய விதிநூல். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை அதைத் திருத்துகிறார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2025 முதல் 2028 வரைக்கான பதிப்பு.

காலையில் எல்லாரையும் உட்காரவைத்து விளக்கக் கூட்டம் நடத்துவார்கள். அதன் பிறகு ஏதாவது மாறினால் அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டு, மஞ்சளும் கறுப்பும் கட்டமிட்ட ‘எல்’ கொடியைக் கரையில் ஏற்றுவோம். ‘எனக்கு யாரும் சொல்லவில்லை’ என்பது இங்கே செல்லுபடியாகாது.

அடுத்தது எண் அட்டை. கடலில் இறங்கும் ஒவ்வொருவரும் பலகையில் மாட்டியிருக்கும் தன் எண் அட்டையை எடுத்துச் செல்ல வேண்டும். கரைக்கு வந்ததும் மாட்ட வேண்டும். ஒருமுறை மாலையில் ஓர் அட்டை மட்டும் திரும்பவில்லை. பாதுகாப்புப் படகுகள் கடலிலேயே நின்றன. அரை மணி நேரத் தேடலுக்குப் பிறகு அந்தப் பையனைக் கண்டுபிடித்தோம். உணவகத்தில் மீ கோரெங் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அட்டை சட்டைப் பையில் இருந்தது. அவனுக்குத் தண்டனைப் புள்ளிகள் கிடைத்தன. கடுமையாகத் தோன்றலாம். ஆனால், அந்த அரை மணி நேரம் குழுப் படகில் யாரும் பேசவில்லை என்பது எனக்கு நினைவிருக்கிறது.

காற்றைப் பார்த்து ஒரு கோடு

ஓட்டப்பந்தயத் தடத்தைப் போல, கடலில் நிலையான கோடு கிடையாது. ஒவ்வோர் ஓட்டத்துக்கும் புதிதாக வரைய வேண்டும். ஆரஞ்சு நிறக் கொடி பறக்கும் குழுப் படகு ஒரு முனை, ஒரு மிதவை மறு முனை. இரண்டுக்கும் இடையே கண்ணுக்குத் தெரியாத தொடக்கக் கோடு.

அந்தக் கோடு காற்றுக்குக் குறுக்காக இருக்க வேண்டும். ஒரு முனை காற்றுக்குச் சற்று நெருங்கிவிட்டாலும் எல்லாப் படகுகளும் அங்கேயே குவிந்து மோதிக்கொள்ளும். அதனால் திசைகாட்டியைப் பிடித்துக்கொண்டு சில நிமிடத்துக்கு ஒருமுறை காற்றின் திசையைக் குறித்துக்கொள்வோம். கோடு மிகக் குறுகினால் இடம் போதாது. மிக நீண்டால் யார் முந்தினார் என்று பார்க்க முடியாது. படகுகளின் மொத்த நீளத்துடன் இன்னும் கால் பங்கோ பாதியோ கூட்டுவது வழக்கம்.

சிங்கப்பூரின் கிழக்குக் கடற்கரையில் காற்று பெரும்பாலும் மென்மையானது, நீரோட்டம் வலுவானது. காற்று மிகவும் தணிந்துவிட்டால் சிவப்பும் வெள்ளையும் பட்டையிட்ட ஒத்திவைப்புக் கொடியை ஏற்றிவிட்டுக் காத்திருப்போம். வெயிலில் ஒரு மணி நேரம், சில நேரம் இரண்டு மணி நேரம். பாடப் புத்தகத்தில் படித்த பருவக்காற்றின் குணம் அப்போதுதான் எனக்கு உண்மையாகப் புரிந்தது.

ஐந்து நிமிடக் கணக்கு

கோடு தயாரானதும் கடிகாரம் ஆளத் தொடங்கும்.

தொடக்கத்துக்கு 5 நிமிடம் இருக்கும்போது அந்தப் படகு வகையின் கொடி ஏறும், ஒரு ஒலி. 4 நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி ஏறும், ஒரு ஒலி. வழக்கமாக இது நீல நிறத்தின் நடுவே வெள்ளைச் சதுரம் கொண்ட ‘பி’ கொடி. 1 நிமிடம் இருக்கும்போது ஆயத்தக் கொடி இறங்கும். ஒரு நீண்ட ஒலி. பூஜ்யத்தில் முதல் கொடி இறங்கும், ஒரு ஒலி. ஓட்டம் தொடங்கிவிட்டது.

ஒலிக்கருவி வேலை செய்யாவிட்டாலும் கொடியின் நேரமே நேரம். அதனால் என் பக்கத்தில் இருப்பவர் சத்தமாக வினாடிகளை எண்ண, கொடிக் கயிற்றைப் பிடித்திருப்பவர் ‘சுழி’ என்ற சொல்லில் இழுப்பார். ஒரு வினாடி பிசகினாலும் 50 பேருக்கு அநியாயம்.

கோட்டின் நேரே நின்று பார்க்கும் பந்தய அதிகாரி, முன்கூட்டியே தாண்டிய படகுகளின் பாய் எண்களை ஒலிப்பதிவுக் கருவியில் சொல்லிக்கொண்டே இருப்பார். ஒருவரோ இருவரோ தாண்டியிருந்தால், வெள்ளையில் நீலச் சிலுவை போட்ட ‘எக்ஸ்’ கொடி ஏறும். கூடவே ஓர் ஒலி. தாண்டியவர் திரும்பி வந்து மறுபடி தொடங்க வேண்டும். வராவிட்டால், முதலாவதாக வந்து முடித்தாலும் பயனில்லை. பலர் தாண்டி, யார் யார் என்று சொல்ல முடியாவிட்டால் எல்லாரையும் திரும்ப அழைக்கும் முக்கோணக் கொடி ஏறும்; இரண்டு ஒலி.

நீரோட்டம் படகுகளைக் கோட்டுக்கு அப்பால் தள்ளும் நாள்களில் இப்படி இரண்டு மூன்று முறை நடக்கும். அப்போது ஆயத்தக் கொடியை மாற்றிவிடுவோம். சிவப்பும் வெள்ளையும் கட்டமிட்ட ‘யூ’ கொடி ஏறினால், கடைசி ஒரு நிமிடத்தில் கோட்டுக்கு மேலே முதல் மிதவைவரை உள்ள முக்கோணப் பகுதியில் காணப்படும் படகு தகுதியிழக்கும். அந்த ஓட்டம் மறுபடி தொடங்கப்பட்டால் மட்டும் தப்பிக்கலாம். கறுப்புக் கொடி அதைவிடக் கடுமையானது; மறுபடி தொடங்கினாலும் மன்னிப்பில்லை. கறுப்புக் கொடியைக் கண்டதும் பிள்ளைகள் கோட்டிலிருந்து ஒரு படகு நீளம் பின்வாங்குவதைக் குழுப் படகிலிருந்து தெளிவாகப் பார்க்கலாம்.

யார் யாருக்கு வழிவிடுவது?

விதிநூல் பெரியது. ஆனால், சிறுவர்கள் முதலில் மனப்பாடம் செய்வது மூன்று விதிகளை. காற்றை இடப்பக்கத்தில் வாங்கும் படகு, வலப்பக்கத்தில் வாங்கும் படகுக்கு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்தில் காற்றை வாங்கி அருகருகே சென்றால், காற்று வரும் திசைக்கு நெருக்கமாக உள்ள படகு விலக வேண்டும். ஒன்றன்பின் ஒன்றாகச் சென்றால், பின்னால் வருவது விலக வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் மேலாக, உரிமை யாருக்கு இருந்தாலும் முடிந்தவரை மோதலைத் தவிர்க்க வேண்டும்.

விதியை மீறிவிட்டால்? கூட்டத்திலிருந்து விலகி, படகை இரண்டு முழுச் சுற்றுச் சுற்ற வேண்டும். மிதவையைத் தொட்டுவிட்டால் ஒரு சுற்று. ஒரு சுற்றுக்குள் மூன்று நான்கு படகுகள் முந்திவிடும். ஆனால், அத்துடன் கணக்குத் தீர்ந்துவிடும்.

நடுவர்கள் கடலில் நேரடியாகத் தண்டிக்கும் குற்றம் ஒன்று உண்டு. உடலை ஆட்டியோ பாயை விசிறிபோல் இழுத்து விட்டோ சுக்கானைத் துடுப்பாக்கியோ படகை உந்துவது. காற்றுதான் படகை ஓட்ட வேண்டும். அதை மீறினால் நடுவர் விசில் ஊதி மஞ்சள் கொடி காட்டுவார். முதல் முறை இரண்டு சுற்று. இரண்டாம் முறை அந்த ஓட்டத்திலிருந்து விலக வேண்டும்.

மற்றவை எல்லாம் மனசாட்சிக்கு விடப்பட்டவை. ஒரு விடுமுறைப் போட்டியில் உயர்நிலை ஒன்றில் படிக்கும் மாணவி நான்காவதாக முதல் மிதவைக்கு வந்தாள். அவள் பாயின் கீழ்க்கழி மிதவையை இலேசாக உரசியதாம். அருகில் இருந்த எங்களுக்கே அது தெரியவில்லை. அவள் விலகிச் சென்று ஒரு சுற்றுச் சுற்றினாள். ஏழாவது இடத்துக்குப் போய்விட்டாள்.

கரையில் தொலைநோக்கியுடன் நின்றிருந்த அவள் அப்பா, படகை இழுத்து வைக்கும்போது கேட்டார்: “யாரும் பார்க்கலையேம்மா, ஏன் சுத்தினே?”

“நான் பார்த்தேனேப்பா,” என்றாள்.

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. படகின் மறுபக்கத்தைப் பிடித்துத் தூக்கினார்.

மேசைமேல் சிறு படகுகள்

இருவருமே ‘நான்தான் சரி’ என்று நம்பினால் என்ன செய்வது? அதற்குத்தான் ஆட்சேப விசாரணை. சம்பவம் நடந்தவுடன் ‘புரோட்டெஸ்ட்’ என்று உரக்கக் கூவ வேண்டும். அந்தச் சொல் கட்டாயம். கரைக்கு வந்ததும் குறித்த நேரத்துக்குள் எழுத்தில் கொடுக்க வேண்டும். சில போட்டிகளில் விசாரணைக்கு முன் ஒரு சிறிய சமரசக் கூட்டம் நடக்கும். தவற்றை அப்போதே ஏற்றுக்கொள்பவருக்கு முழுத் தகுதிநீக்கத்தைவிடக் குறைந்த தண்டனை கிடைக்கும்.

ஒரு விசாரணையில் நான் பார்வையாளராக அமர்ந்திருக்கிறேன். ஆட்சேபம் தெரிவித்தவனுக்கு 11 வயது, எதிர்த்தரப்புக்கு 14. மூன்று நடுவர்கள். மேசைமேல் உள்ளங்கை அளவுப் பொம்மைப் படகுகள். ஒவ்வொருவரும் அவற்றை நகர்த்தி, காற்று எங்கிருந்து வந்தது, தன் படகு எங்கே இருந்தது என்று காட்ட வேண்டும். ஒருவர் மற்றவரைக் கேள்வி கேட்கலாம். சாட்சிகளை அழைக்கலாம், சாட்சி தன் முறை வரும்போது மட்டும் உள்ளே இருப்பார். பெற்றோரோ பயிற்றுவிப்பாளரோ பிள்ளைக்குப் பதிலாகப் பேச முடியாது.

அந்தச் சிறுவன் முதலில் தரையைப் பார்த்தே பேசினான். ஒரு நடுவர், “அவசரமில்லை, படகை வைத்துக் காட்டு,” என்றார். பொம்மையைக் கையில் எடுத்ததும் குரல் தெளிந்தது. பிறகு நடுவர்கள் இருவரையும் வெளியே அனுப்பி, என்ன நடந்தது என்பதை முதலில் எழுதினார்கள். அதன் பிறகே எந்த விதி பொருந்தும் என்று பார்த்தார்கள். முடிவை இருவரையும் அழைத்து வாசித்தார்கள். பெரியவன் தகுதியிழந்தான். வெளியே வந்ததும் அவனே அந்தச் சிறுவனிடம் கைநீட்டினான்.

பள்ளி வாத மேடையில் பேசியிருக்கிறேன். ஆனால், உண்மையை வரிசைப்படுத்திச் சொல்வது எப்படி என்பதை நான் கற்றது அந்த அறையில்தான்.

மின்னலும் முதல் விதியும்

காலை வேளைகளில் சுமத்ராவிலிருந்து கடந்துவரும் திடீர்ப் புயல்காற்று சிங்கப்பூரில் புதிதல்ல. வானம் கறுத்து மின்னல் நெருங்கினால் நீலமும் வெள்ளையும் கட்டமிட்ட ‘என்’ கொடி ஏறும், மூன்று ஒலி. ஓட்டம் கைவிடப்பட்டது. கீழே ‘எச்’ கொடியும் இருந்தால் எல்லாரும் கரைக்குத் திரும்ப வேண்டும். கவிழ்ந்த படகை நெருங்கும் மீட்புப் படகினர் முதலில் ஆளைப் பார்க்க வேண்டும், படகு பிறகுதான்.

விதிநூலின் முதல் விதியே இதுதான்: ஆபத்தில் உள்ளவருக்கு முடிந்த உதவியெல்லாம் செய்ய வேண்டும். வெற்றி தோல்வி பற்றிய விதிகள் அதற்குப் பிறகுதான் வருகின்றன.

இந்த விதிக்கு உலகம் அறிந்த எடுத்துக்காட்டில் சிங்கப்பூருக்கும் பங்கு உண்டு. 1988 சோல் ஒலிம்பிக்கின் பாய்மரப் போட்டிகள் பூசான் கடலில் நடந்தன. செப்டம்பர் 24ஆம் தேதி காற்று கடுமையாக வீசியது. ‘ஃபின்’ பிரிவில் இரண்டாம் இடத்தில் இருந்த கனடாவின் லாரன்ஸ் லெமியூ, கவிழ்ந்த ஒரு படகையும் தண்ணீரில் தத்தளித்த இருவரையும் கண்டார். அவர்கள் வேறொரு பிரிவில் போட்டியிட்ட சிங்கப்பூர் வீரர்கள் ஜோசப் சானும் சியூ ஷா ஹெரும். லெமியூ தன் பாதையைவிட்டு விலகி அவர்களைக் காப்பாற்றினார். மீட்புப் படகு வரும்வரை காத்திருந்து, பிறகே ஓட்டத்தைத் தொடர்ந்து பின்வரிசையில் முடித்தார். நடுவர் குழு, அவர் விலகியபோது இருந்த இரண்டாம் இடத்தையே அவருக்கு வழங்கியது.

இதற்கு விதிநூலில் ‘நிவாரணம்’ என்ற ஏற்பாடு இருக்கிறது. தன் தவறில்லாமல், பிறருக்கு உதவியதால் இடம் பறிபோனவருக்கு உரிய புள்ளிகளை நடுவர்கள் தரலாம்.

எங்கள் போட்டி ஒன்றில் 13 வயது மாணவன் ஒருவன் ஆறாவதாகச் சென்றுகொண்டிருந்தான். பின்னால் ஒரு சிறுமியின் படகு கவிழ்ந்து, பாய்க்கயிறு அவள் காலில் சுற்றிக்கொண்டது. அவன் திரும்பிச் சென்று, கயிறு அவிழும்வரை அவள் படகைப் பிடித்துக்கொண்டான். மீட்புப் படகு வந்த பிறகே கிளம்பினான். முடித்தபோது 38ஆவது இடம்.

அவன் எந்த விண்ணப்பமும் கொடுக்கவில்லை. நிவாரணம் என்று ஒன்று இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஆனால், பந்தயக் குழுவும் ஒரு படகுக்காக நிவாரணம் கேட்கலாம். பந்தய அதிகாரியே படிவத்தை நிரப்பினார். “அவன் மிதவையை எத்தனையாவதாகச் சுற்றினான், தம்பி?” என்று என்னிடம் கேட்டார். மிதவை அருகே நான் பென்சிலால் எழுதிய பட்டியலில் அவன் எண் ஆறாவது வரியில் இருந்தது. நடுவர்கள் அவனுக்கு ஆறு புள்ளிகள் கொடுத்தார்கள்.

அதுவரை, எண்களை வரிசையாக எழுதும் வேலை கொஞ்சம் சலிப்பாகத்தான் இருந்தது. கொடி, கடிகாரம், பட்டியல், படிவம் எல்லாம் எதற்கு என்று அன்று புரிந்தது. நல்லவனாக நடந்துகொண்ட ஒருவன் அதனால் தோற்றுவிடக்கூடாது என்பதற்கும் நடைமுறை தேவைப்படுகிறது.

குறைந்த புள்ளிக்கே கோப்பை

முதல் இடத்துக்கு 1 புள்ளி, இரண்டாம் இடத்துக்கு 2 என்று கணக்கிடுவார்கள். முடிக்காதவருக்கும் தகுதியிழந்தவருக்கும் மொத்தப் பதிவு எண்ணிக்கையைவிட ஒன்று அதிகம். 50 படகுகள் என்றால் 51. எல்லா ஓட்டங்களையும் கூட்டிக் குறைந்த புள்ளி பெற்றவர் வெற்றியாளர். போதிய ஓட்டங்கள் நடந்தால் ஒவ்வொருவரும் தங்கள் மோசமான ஒன்றைக் கணக்கிலிருந்து விலக்கலாம். ஆகவே ஒரு நாள் சரிந்தாலும் மீண்டு வரலாம். ஆனால், இரண்டு முறை அவசரப்பட்டுக் கோட்டைத் தாண்டியவர் பெரும்பாலும் மீள்வதில்லை.

படகு ஓட்டத் தெரியாவிட்டாலும்

பாய்மரப் படகோட்டம் செலவு மிகுந்த விளையாட்டு என்ற எண்ணம் நம்மிடையே உண்டு. சொந்தப் படகு வாங்கினால் செலவுதான். ஆனால், இது தேசியப் பள்ளி விளையாட்டுப் போட்டிகளில் இடம்பெறும் விளையாட்டு. சில பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாகவும் இருக்கிறது. கிழக்குக் கடற்கரையில் உள்ள தேசியப் பாய்மரப் படகு நிலையத்தில் தொடக்கநிலைப் பயிற்சிகள் நடக்கின்றன.

ஓட்ட விருப்பமில்லாதவர்களுக்கும் வேலை இருக்கிறது. கணக்கில் கெட்டிக்காரர் புள்ளிப் பட்டியலைப் பார்க்கலாம். பொறியியல் மாணவர் மிதவைப் படகில் காற்றையும் நீரோட்டத்தையும் அளக்கலாம். சட்டம் படிக்க நினைப்பவருக்கு விசாரணை அறையைவிட நல்ல வகுப்பு கிடையாது. நீந்தத் தெரிந்திருப்பது நல்லது. தொப்பியும் தண்ணீர்ப் புட்டியும் கட்டாயம். அடுத்த பள்ளி விடுமுறைக்கு முன் ஒரு படகுச் சங்கத்திடம் கேட்டுப் பாருங்கள். எண்களை வரிசையாக எழுத ஆள் எப்போதும் தேவைப்படுகிறது.